காதின் கணக்கு

தமிழில் ரசனை விமர்சனம், அலசல் விமர்சனம் என்று இரண்டு கட்சிகள் பிரிந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிறது. க.நா.சு. படித்துத் தேறிய வாசகனின் ருசியை நம்பினார். 1959இல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, ருசி என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் போதாது, படைப்பைப் பிரித்துக் காட்டியாக வேண்டும் என்ற பக்கம் நின்றார். இந்த வழக்கில் நாம் எல்லோருமே ஏதாவதொரு சமயம் சாட்சி சொல்லியிருக்கிறோம். இதே இரண்டு கட்சிகளையும், ஏறக்குறைய இதே கோபத்தோடு, எதிர்பாராத ஓரிடத்தில் மறுபடி சந்தித்தேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல ஹெட்போன் கிடைக்குமா என்று விசாரிக்கப் போன இடத்தில்.

இந்தப் பக்கங்களில் இதை எழுதுவதற்கு நியாயம் கேட்கப்படலாம். ஒன்றை நல்லது என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன காரியம் செய்கிறோம் என்ற கேள்வி, கவிதை விஷயத்தில் மிகவும் குழம்பிக் கிடக்கிறது. கவிஞர் நமக்குத் தெரிந்தவர். போன மாதம் நம் கட்டுரையைப் பாராட்டிக் கடிதம் போட்டவர். அல்லது பாராட்டாமல் விட்டவர். ஹெட்போனுக்கு இந்தச் சங்கடங்கள் கிடையாது. அது யாருடைய கோஷ்டியையும் சேர்ந்ததில்லை. தீர்ப்புச் சொல்வது எப்படி நடக்கிறது என்பதை அதில் கொஞ்சம் சுத்தமாகப் பார்க்க முடியும் என்று எனக்குப் பட்டது.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது இரண்டு அறை வீடு. ஓர் அறையில் பெண் படிக்கிறாள். இன்னொன்றில் அம்மா படுத்திருக்கிறாள். நடுவில் இருக்கும் கூடத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் எனக்கு என்று கிடைக்கிறது. பகலெல்லாம் வங்கியில் ரூபாய் எண்ணும் எந்திரத்தின் படபடப்பையும், டோக்கன் எண் கூப்பிடும் குரலையும் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு இந்த ஒன்றரை மணி நேரம் அற்பமான விஷயம் இல்லை. ஸ்பீக்கர் வைக்க முடியாது. பின்பக்கம் திறந்த ஹெட்போனும் உதவாது. நான் கேட்பதில் பாதி அறை முழுக்கக் கேட்கும். ஆகவே பின்பக்கம் மூடியது. கடைக்காரர் மொழியில் க்ளோஸ்டு பேக்.

இந்த மூடுதல் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காதுக்கு முன்னால் நிற்கும் சிறிய சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்கம் எழும் அதே ஒலி பின்பக்கமும் எழுகிறது. திறந்த வகையில் பின் ஒலி வெளியே போய்விடும். மூடிய வகையில் அது கிண்ணத்துக்குள்ளேயே அகப்பட்டு, சுவரில் மோதித் திரும்பி வந்து முன் ஒலியோடு கலக்கிறது. கிணற்றுக்குள் பேசினால் குரல் எப்படி மாறுகிறதோ அந்த மாதிரி ஒரு விளைவு, சிறிய அளவில். உள்ளே கம்பளி, பஞ்சு, ஃபெல்ட் வைத்து இதை அடக்குவதில்தான் செய்கிறவனின் திறமை இருக்கிறது. மலிவு ஹெட்போன்களில் முதலில் மிச்சம் பிடிக்கப்படும் இடமும் இதுதான்.

சரித்திரத்தில் மூடியதுதான் மூத்தது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து நதானியேல் பால்ட்வின் கடற்படைக்குச் செய்து அனுப்பிய ஜோடி கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்கானது. 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ், ஸ்டீரியோ இசை கேட்பதற்கென்றே ஒன்றைச் செய்தார். 1968இல் ஸென்ஹைஸரின் ஹெச்.டி. 414 வந்தபோதுதான் பின்பக்கத்தைத் திறந்து வைக்கலாம் என்ற யோசனை சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு திறந்தது ரசிகனுக்கு, மூடியது தொழில் செய்பவனுக்கு என்று ஒரு வருணாசிரமம் ஏற்பட்டுவிட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுகிறவர் காதில் மாட்டியிருப்பது மூடிய வகை. காதில் ஒலிப்பது மைக்குக்குள் கசியக் கூடாது என்பதால். ஸோனியின் எம்.டி.ஆர். 7506, 1991இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. எடை 230 கிராம். பேயர்டைனமிக்கின் டி.டி. 770 ப்ரோ 270 கிராம். ஆடியோ டெக்னிகாவின் எம்50எக்ஸ் 285 கிராம். எடையை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இனி கட்சிகள். அளவு பார்க்கும் கட்சியின் வாதம் வலுவானது. செயற்கைக் காது ஒன்றின் மேல் ஹெட்போனை மாட்டி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓடவிட்டு, எந்தச் சுருதி எவ்வளவு உரக்க வருகிறது என்று ஒரு கோடு வரைகிறார்கள். நல்ல கோடு எது? இதற்கும் பதில் தேடப்பட்டது. ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 முதல் சில வருஷங்கள் பலதரப்பட்ட மனிதர்களை உட்கார வைத்து, எது எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி கேட்கச் செய்து, பெரும்பாலோர் விரும்பும் கோடு ஒன்றை எடுத்தார்கள். 2018இல் திருத்தப்பட்ட அந்தக் கோட்டை ஒட்டித்தான் இன்று பல ஹெட்போன்கள் செய்யப்படுகின்றன. அவர்கள் கணக்கில் கேட்பவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு இந்தக் கோடு பிடித்தது. 15 பேர் இன்னும் பாஸ் வேண்டும் என்றார்கள். 21 பேர் பாஸைக் குறைக்கச் சொன்னார்கள்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இது உடனே ஒன்றை ஞாபகப்படுத்தும். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளைத் தந்து, அவர்கள் எழுதியதைத் தொகுத்து 1929இல் வெளியிட்டார். பெயர் இல்லாதபோது பெரிய கவிஞர்கள் மட்டம் தட்டப்பட்டார்கள், சாதாரணமானவர்கள் உயர்ந்தார்கள். ரிச்சர்ட்ஸ் காட்டியது வாசகனின் பலவீனத்தை. ஹார்மன்காரர்கள் காட்டியது கேட்பவர்களிடையே உள்ள ஒற்றுமையை. பெயரை எடுத்துவிட்டால் கவிதையில் தீர்ப்புகள் சிதறுகின்றன. ஒலியில் ஓரளவு கூடுகின்றன. இந்த வித்தியாசம் யோசிக்கத் தக்கது. பாஷையைப் பழக வேண்டியிருக்கிற அளவுக்கு ஒலியைப் பழக வேண்டியதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அளவுக் கட்சியின் இன்னொரு உபகாரத்தை என்னைப் போன்ற சம்பளக்காரன் மறக்கவே கூடாது. 2017இல் யெரோன் ப்ரீபார்ட் 283 ஹெட்போன்களின் கோடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தம் தென்படவில்லை. அதாவது அதிகம் கொடுத்தவனுக்கு அதிகம் நேரான ஒலி கிடைத்திருக்கிறது என்று சொல்ல ஆதாரமில்லை. நாலாயிரம் ரூபாய்ப் பொருளைப் பற்றிப் பேசும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. 'இந்த விலைக்குப் பரவாயில்லை' என்ற வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். 'தமிழுக்குப் பரவாயில்லை' என்று நாவல்களைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தின் தம்பி அது. மலிவானதை அதற்கென்று தனியாக வைத்த சின்ன முழக்கோலால் அளப்பது கருணை மாதிரித் தோன்றும். அதில் இருப்பது அவமரியாதை.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. அந்தப் பரிசோதனைகளில் பலவற்றில் ஹார்மன்காரர்கள் ஒரு தந்திரம் செய்ய வேண்டியிருந்தது. ஹெட்போனைத் தலையில் மாட்டினால் அதன் எடையும் இறுக்கமும் குஷனும் அதை அடையாளம் காட்டிவிடும். பெயரை மறைத்துப் பயனில்லை. ஆகவே ஒரே ஹெட்போனை எல்லோர் தலையிலும் மாட்டி, அதற்குள் மற்ற ஹெட்போன்களின் ஒலியைப் போலி செய்து கேட்க வைத்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஒலியை நியாயமாகத் தீர்மானிக்கத் தலையை நீக்க வேண்டியிருந்தது. நான் வாங்கப்போவது தலையில் மாட்டுகிற பொருள்.

சௌகரியம் ஒரு தனி அத்தியாயம், ஒலி ஒரு தனி அத்தியாயம் என்றுதான் எல்லா மதிப்புரைகளும் பிரிக்கின்றன. மூடிய ஹெட்போனில் இப்படிப் பிரிக்க முடியாது. அதன் பாஸ் முழுக்கவும் குஷன் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் உட்காருவதில் இருக்கிறது. ஒரு சின்ன இடைவெளி போதும், கீழ்ச் சுருதிகள் ஒழுகிப் போய்விடும். நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேல் போகும் இடத்தில் குஷன் சற்றுத் தூக்கிக்கொள்கிறது. அங்கே ஒரு வாய்க்கால். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்று வயிற்றில் விழுகிறது. மாட்டிக்கொண்டால் அதுவே பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒழுகலை அடைக்க இறுக்கம் அதிகமாக்கினால், காம்பு நெற்றிப்பொட்டில் அழுந்துகிறது. துணிக் குஷன் போட்டால் வியர்வை குறையும், பாஸும் கொஞ்சம் குறையும். தோல் மாதிரியான ரெக்ஸின் குஷன் நன்றாக அடைக்கும், ஆனால் நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் இருபது நிமிஷத்தில் காது வெந்துவிடும். ஈரத்தில் அந்த ரெக்ஸின் இரண்டு மூன்று வருஷத்தில் செதில் செதிலாக உரிந்துகொள்ளும்.

உருவம், உள்ளடக்கம் என்று நாம் போட்ட சண்டைகளில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளி தேர்ந்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஊதுவார், எடுப்பார், இன்னொன்றை வைப்பார். உதட்டுக்குச் சரியாக இருக்கிறதா, நாதம் சரியாக இருக்கிறதா என்று அவர் இரண்டு கேள்வி கேட்பதில்லை. ஒரே கேள்விதான். உதட்டோடு ஒட்டாத சீவாளியில் நாதம் வராது.

காதுக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கும் என்னிடம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. முதலாவது, சத்தம். ஒரே தொலைபேசியில், ஒரே அளவில் வைத்துக் கேட்டாலும் ஒவ்வொரு ஹெட்போனும் வெவ்வேறு உரப்பில் ஒலிக்கும். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபெல், இரண்டு டெசிபெல் கூடுதலாக இருந்தால் அதை நாம் சத்தம் என்று உணர்வதில்லை. தெளிவு என்று உணர்கிறோம், ஆழம் என்று உணர்கிறோம், உயிர் இருக்கிறது என்கிறோம். கவியரங்கங்களில் வெற்றி பெற்ற கவிதைகளை அச்சில் படித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உரப்பைச் சமன் செய்யாமல் காதை நம்பச் சொல்கிறவர் தன்னைத்தான் நம்பச் சொல்கிறார்.

இரண்டாவது, சொற்கள். ஆங்கில மதிப்புரைகளிலிருந்து இறக்குமதியான அடைமொழிகள் தமிழில் வந்து படும் பாடு சொல்லி முடியாது. வெதுவெதுப்பான ஒலி என்கிறார்கள். மொறுமொறுப்பான ட்ரெபிள் என்கிறார்கள். ஒலியா முறுக்கா என்று சந்தேகம் வருகிறது. ஒலியைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? கணீர் என்பதற்கும் கிணுகிணு என்பதற்கும் உள்ள தூரத்தை நம் பாட்டிமார் அறிவார்கள். குரல் கம்மியிருக்கிறது, கரகரக்கிறது, கட்டியிருக்கிறது, பிசிறடிக்கிறது, தழுதழுக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். இந்தச் சொற்களைக் கொண்டு ஒரு ஹெட்போனைச் சொன்னால், கேட்பவன் தானும் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். அலசல் என்றால் அதுதானே. பெரிய கலைச்சொல் தேவையில்லை. அடுத்தவன் சரிபார்க்கக்கூடிய சொல் வேண்டும்.

ஒரு மாதம் மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். ஒன்று ஒரு கவிஞருடையது. இன்னொன்று என் கிளையில் கூட வேலை செய்கிறவருடையது. மூன்றாவது, நான் வாங்கலாமா என்று யோசித்துக் கடைக்காரரிடம் தவணைக்கு எடுத்து வந்தது. மூன்றிலும் விலை குறைந்தது. பெயர்களைத் தரப்போவதில்லை. பெயரைப் படித்த நிமிஷத்தில் காது தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது.

முறையைச் சொல்கிறேன். தடித்த அட்டையில் ஒரு துளை போட்டு, என் மனைவியின் தொலைபேசி மைக்கை அதில் பொருத்தி, அதன்மேல் ஹெட்போனை அழுத்தி வைத்து உரப்பைப் பார்த்துக்கொண்டேன். முரட்டு முறைதான். மூன்றையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர இது போதும். பிறகு, எதுவும் ஒலிக்காமல் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு புத்தகம் படித்தேன். இதை யாரும் செய்வதில்லை, செய்ய வேண்டும். காதை மூடினால் உடம்பின் சத்தம் கேட்கத் தொடங்குகிறது: தாடை அசைவது, எச்சில் விழுங்குவது, சில சமயம் நாடித் துடிப்பு. ஒலி வருவதற்கு முன்பே அந்தப் பொருள் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

ஒலியில் முதலில் தம்புரா. ராகம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் தம்புரா. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து மறையும். கிண்ணத்துக்குள் ஏதாவதொரு சுருதி முட்டிக்கொண்டு நின்றால் தம்புராவில் உடனே தெரியும். பூக்கள் வரிசையாக வராமல் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். அடுத்தது மிருதங்கம், வலந்தலையின் சாப்பும் தொப்பியின் கும்கியும் ஒரே வாத்தியத்திலிருந்து வருகிற மாதிரிக் கேட்கிறதா என்று. அடுத்தது பழைய மோனோ கச்சேரிப் பதிவு. பாடுகிறவர் நெற்றிக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார், மூடிய ஹெட்போனில் இன்னும் நெருக்கமாக. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு நடப்பதை ஒலிபெருக்கியில் பாதிதான் கேட்டிருப்போம். அதைத் தொடர முடிகிறதா என்று பார்த்தேன். கடைசியாக ஒரு நண்பர் கவிதை வாசித்த பதிவு. ழகரமும் றகரமும் எப்படி வருகின்றன என்பதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. ஸகரம் ஊசியாகக் குத்தினால் அந்த ஹெட்போனில் அரைமணி நேரத்துக்கு மேல் யாராலும் பேச்சுக் கேட்க முடியாது.

கவிஞருடையது முதல் ஐந்து நிமிஷத்தில் மற்ற இரண்டையும் தூக்கி எறிந்தது. பாஸ் திம்மென்று, மேல் ஸ்தாயி பளபளவென்று. இருபது நிமிஷத்தில் குரல் பின்வாங்கியிருப்பது தெரிந்தது. வித்வானைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பக்கவாத்தியங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டன. தம்புராவில் ஒரு மேல்சுரம் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. வசீகரம் முதலில் வருகிறது, கணக்கு பிறகு வருகிறது.

அலுவலக நண்பருடையது நேரானது. அதில் எதுவும் கவர்வதில்லை என்பதே முதல் அபிப்பிராயம். இரண்டாம் நாள் கும்கி முழுசாக வருவது தெரிந்தது, பேஸ் கிட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு தொடர முடிந்தது, கவிதை வாசித்த நண்பர் வரிகளுக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடங்கள்கூட அர்த்தத்தோடு வந்தன. ஆனால் பிடி இறுக்கம். நாற்பது நிமிஷத்தில் கண்ணாடிக் காம்பு இரண்டு பக்கமும் வலித்தது. கண்ணாடி போடாத அவருக்கு அப்படி ஒரு வலி இருப்பதே தெரியாது.

மூன்றாவது லேசானது, துணிக் குஷன். கும்கியின் அடிவயிறு அதில் இல்லை. தம்புரா சுத்தம். குரல் சற்று முன்னால், கணீரென்று, பிசிறில்லாமல். இரண்டு மணி நேரம் தலையில் இருப்பது தெரியவில்லை. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது அதன் பாஸ் இன்னும் மெலிந்துவிடுகிறது. குறைந்த சத்தத்தில் கீழ்ச் சுருதிகளைக் காது குறைவாக வாங்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்ஸன் இருவரும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நான் குறைந்த சத்தத்தில்தான் கேட்கிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் போட்டிருக்கும் வரம்பு. இருக்கிற காதைக் காப்பாற்றிக்கொள்வது ரசனையின் முதல் கடமை.

இனி சொல்லப்போவது எந்தக் கோட்டிலும் வராதது. மூடிய ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்கும், ஆனால் எல்லாவற்றையும் சமமாகத் தடுப்பதில்லை. குக்கர் விசில், பாத்திரம் விழுவது போன்ற மேல் சுருதிகள் நன்றாக அடங்கும். பஸ் எஞ்சின், மின்விசிறியின் உறுமல் போன்ற கீழ்ச் சுருதிகள் உள்ளே வந்துவிடும். என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. இரவில் இழுப்பு வரும். வந்தால் இருமுவாள், கூப்பிடமாட்டாள். கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை. ஆகவே நான் ஒரு பரிசோதனை செய்தேன். மூன்றையும் மாட்டிக்கொண்டு, என் வழக்கமான உரப்பில் பாட்டை ஓடவிட்டு, உள் அறையிலிருந்து பெண்ணை இருமச் சொன்னேன். அவள் இதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு பாட்டி மாதிரியே இருமினாள். நண்பருடையதில் ஒன்றும் கேட்கவில்லை. தொழில்நுட்ப ரீதியில் அது அதன் வெற்றி. மூன்றாவதில் கேட்டது, மெல்ல, ஆனால் சந்தேகமில்லாமல்.

நான் மூன்றாவதை வாங்கினேன்.

இங்கேதான் விமர்சனத்தில் நாம் அடிக்கடி வழுக்குகிற இடம் வருகிறது. எனக்கு மூன்றாவதுதான் வேண்டும் என்பதால் அதுதான் சிறந்தது என்று ஒரு கட்டுரை எழுதிவிட என்னால் முடியும். பாஸ் குறைவை 'அடக்கம்' என்பேன், ஒழுகலை 'வெளியோடு உறவு' என்பேன். தமிழில் இப்படித்தான் பல படைப்புகள் சிறந்தவை ஆகியிருக்கின்றன. ஒரு காலகட்டத்தில் நமக்குத் தேவைப்பட்டது பெரியதாகிவிட்டது. தேவைப்படாதது கண்ணில் படவே இல்லை. மறுபக்கம், எல்லாம் அவரவர் காதைப் பொறுத்தது என்று கையை விரித்துவிடவும் முடியும். அதுவும் பொய். அலுவலக நண்பருடையதுதான் மூன்றில் நல்ல ஹெட்போன். இதை அவரிடம் சொன்னேன். "அப்புறம் ஏன் சார் மத்தத வாங்கினீங்க?" என்று கேட்டார். நல்லது வேறு, எனக்கு ஆவது வேறு. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிய வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். அவர் காஷ் கவுண்டரில் இருப்பவர், அவருக்கு இது தெரியாததில்லை.

கவுண்டரில் எந்திரம் நோட்டைச் சோதிக்கிறது. அப்படியும் பழைய காஷியரின் விரல், கட்டைப் புரட்டும்போது ஒரு நோட்டில் நின்றுவிடும். எந்திரத்தையும் மதிப்பார், விரலையும் விடமாட்டார். இரண்டும் முரண்பட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆனால் அவரை நம்பவைப்பது விரலின் நுட்பம் மாத்திரம் இல்லை. மாலையில் கணக்குக் குறைந்தால் தன் பையிலிருந்து கட்டுகிறவர் அவர். தீர்ப்புக்கு அவர் விலை கொடுக்கிறார். விமர்சகன் கட்ட வேண்டியது என்ன? தன் காதின் கணக்கைத் திறந்து வைப்பதாவது அவன் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து வாசகன் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ளட்டும்.

என்னுடையது இது: வயது முப்பத்தாறு. 17,000 ஹெர்ட்ஸ் ஒலியில் என் பெண் காதைப் பொத்திக்கொள்கிறாள், எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. ஆகவே மிக உச்சத்தில் இருப்பதைப் பற்றி நான் சொல்வது எதையும் ஏற்க வேண்டாம். கண்ணாடி உண்டு, கண்ணாடி இல்லாதவர்கள் இறுக்கத்தைப் பற்றிய என் குறையில் பாதியைத் தள்ளிவிடலாம், பாஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கர்நாடக இசையும் பேச்சும் அதிகம் கேட்கிறவன். டிரம்ஸ் முக்கியம் என்பவர்கள் என் வரிசையை மாற்றிக்கொள்ளட்டும். கேட்கும் நேரம் இரவு பத்திலிருந்து பதினொன்றரை, சத்தம் குறைவு. அடுத்த அறையில் ஒருவர் படுத்திருக்கிறார்.